எட்டு ஊர் வேண்டாம், மீனா

அன்பு மீனாவுக்கு,

நீ அனுப்பிய மொராக்கோ பட்டியலை நேற்று ராத்திரி அப்பாவும் நானும் பார்த்தோம். பத்து நாளில் எட்டு ஊர்: காசாபிளாங்கா, ரபாத், ஷெஃப்ஷாவன், ஃபெஸ், மெர்ஸூகா, மராகேஷ், எஸ்ஸவீரா, அகாதிர். வரைபடத்தில் வட்டம் அழகாகத்தான் வந்திருக்கிறது. நடுவில் அட்லஸ் மலை குறுக்கே கிடப்பதை மட்டும் அது காட்டவில்லை. மராகேஷிலிருந்து பாலைவன ஓரத்து மெர்ஸூகாவுக்குச் சுமார் 560 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு, ஜெர்மனி நெடுஞ்சாலைக் கணக்கில் அரைநாள் ஒதுக்கியிருக்கிறாய். பஸ்ஸில் அதற்குக் காலையில் ஏறினால் இரவில்தான் இறங்கலாம்.

முதலில் மூன்று ஊரை அடித்துவிடு. அகாதிர் 1960 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, பிறகு புதிதாகக் கட்டிய ஊர். கடற்கரை இருக்கிறது, அவ்வளவுதான். தூத்துக்குடியில் பிறந்தவள் கடற்கரை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். எஸ்ஸவீரா எனக்குப் பிடித்த ஊர்தான், ஆனால் மராகேஷிலிருந்து போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஷெஃப்ஷாவன் நீலச் சுவர்களைத்தான் நீ ஏற்கெனவே நூறு படத்தில் பார்த்துவிட்டாயே. கூட வரும் உன் தோழி கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஏன் வட்டம் போட வேண்டும்? மராகேஷில் இறங்கி, காசாபிளாங்காவில் விமானம் ஏறு. வந்த வழியே திரும்பும் வேலை இல்லை. மராகேஷுக்குத் தெற்கே ரயில் கிடையாது. எனவே மலையையும் பாலைவனத்தையும் தெம்பு இருக்கும்போதே சாலையில் கடந்துவிட்டு, ஃபெஸிலிருந்து ரயிலில் உட்கார்ந்து சாவகாசமாக வரலாம்.

மராகேஷில் இரண்டு இரவு போதும். அங்கிருந்து ஃபெஸ் வரைக்குமான மூன்று நாளைத்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்பேன், நீயோ அதைத்தான் ஒரு பகலுக்குள் திணித்திருக்கிறாய். மராகேஷில் ஏற்றி ஃபெஸில் இறக்கிவிடும் கூட்டு வேன்கள் நிறைய உண்டு. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேள்: ஃபெஸில் இறக்கிவிடுவார்களா, மராகேஷுக்கே திருப்பிக் கொண்டுவருவார்களா? கூடாரம் மணல் மேட்டுக்குள் இருக்கிறதா, சாலையோரத்திலா? முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதே.

அட்லஸ் மலையைத் தாண்டும் திஷ்கா கணவாய் 2,260 மீட்டர் உயரம். வளைவுகள் வயிற்றைப் பிரட்டும், மாத்திரை எடுத்துக்கொள். நீ போவது அக்டோபர் கடைசி என்பதால் பனிக்காகச் சாலையை மூடும் கவலை அநேகமாக இருக்காது. கணவாய் தாண்டி இறங்கினால் அய்த் பென்ஹத்து, மண்ணைக் குழைத்துக் கட்டிய கோட்டை ஊர். அடுத்து டின்கிர், தொத்ரா பள்ளத்தாக்கு. அங்கே பேரீச்சந்தோப்புக்குள் கொஞ்ச தூரமாவது இறங்கி நட, வேனிலிருந்தே படம் எடுத்துவிட்டுப் போகாதே. மரத்து நிழலில் வாய்க்கால் வெட்டி, சின்னச் சின்னப் பாத்தியில் காய்கறியும் குதிரைமசாலும் போட்டிருப்பார்கள். உன் தாத்தா பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் முறை பற்றி விசாரித்திருப்பார். அக்டோபரில் பழம் அறுப்பார்கள், மெஜூல் வகையைக் கேட்டு வாங்கு.

மெர்ஸூகாவில் ஒரு இரவு. பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். அங்கிருந்து ஃபெஸுக்கு ராத்திரி பஸ்ஸும் இருக்கிறது. தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று அதைப் பிடித்துவிடாதே. ஸீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மிதெல்த், அஸ்ரூ தேவதாருக் காடு, அங்கே வாலில்லாக் குரங்குகள், எல்லாமே அந்த ஒரே சாலையில்தான் வரும்.

ஃபெஸுக்கு மூன்று இரவு கொடு. பழைய நகரத்துக்குள் கார் போகாது, கோவேறு கழுதைதான் பாரம் சுமக்கும். பின்னால் "பலாக்!" (வழி விடு) என்று குரல் கேட்டால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள். சக்கரப் பெட்டி அந்தக் கல் பாவிய சந்துகளில் உருளாது, முதுகுப் பையே எடுத்துப் போ. பூ ஜலூத் வாசலிலிருந்து இரண்டு பெரிய தெருக்கள் இறங்கும், தலா கபீரா, தலா ஸ்கீரா. வழி தப்பினால் அதில் ஒன்றைக் கண்டுபிடித்து மேடேறி நட, வாசலுக்கு வந்துவிடுவாய். "இந்த வழி மூடியிருக்கு, நான் காட்டுறேன்" என்று வரும் பையன்களிடம் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் போ. முதல் அரைநாளுக்கு மட்டும் உரிமம் உள்ள வழிகாட்டியை வைத்துக்கொள். 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாத நம்மை விடமாட்டார்கள், வாசலில் நின்று பார்க்கலாம். பூ இனானியா மதரஸாவுக்குள் போகலாம், அந்த மர வேலைப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைகள் பெரும்பாலும் அடைத்துவிடும், அன்று போய் இறங்காதபடி தேதி பார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அப்பா மொராக்கோவில் ஜோர்ஃப் லாஸ்ஃபர் துறைமுகத்துப் பாஸ்பாரிக் அமிலத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பக்கத்து ஊரான எல் ஜதீதாவில் சைவமாகவே குடித்தனம் நடத்தியவள் நான். நீ அப்போது தாத்தா வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய். ஏழு காய் கூஸ்கூஸ் என்று கேட்டு வாங்கினால்கூட அடியில் இறைச்சிச் சாறு இருக்கும், ஹரீரா சூப்பும் அப்படித்தான். "ப்லா ல்ஹம்" (இறைச்சி வேண்டாம்) என்றால் மேலே இருக்கும் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். காலையில் பிஸ்ஸாரா கேள்: காய்ந்த மொச்சை மாதிரிப் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் போட்டது, பெரும்பாலும் சைவம்தான், மலிவு. சுட்ட கத்தரிக்காய் ஸஅலூக்கும் ரொட்டியும் இருந்தால் ராத்திரிக்குக் கவலை இல்லை. நம்ம ஊர் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்.

ஊருக்குள் சின்ன டாக்ஸி, மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டான். ஏறியதும் மீட்டர் போடச் சொல், ராத்திரியில் கட்டணம் கூடும். ஊர் விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸியில் சீட்டுக் கணக்கு. நாங்கள் இருந்தபோது பழைய வண்டிகளில் முன்சீட்டில் இரண்டு பேரை நெருக்கி உட்கார வைப்பான், பெண்கள் அந்த இரண்டு சீட்டுக்கும் காசு கொடுத்துவிட்டால் நிம்மதி என்று பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் இரண்டு பேர்தானே, முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று பிரியாதீர்கள். சில்லறை திர்ஹம் எப்போதும் கையில் இருக்கட்டும். மிச்சப் பணத்தை அங்கேயே மாற்றிவிடு, வெளியே கொண்டுவந்தால் மாற்றுவது கஷ்டம். உன் தோழி டிரோன் வைத்திருக்கிறாளாமே, விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்.

ரபாத்துக்கு ஒரு நாள், காசாபிளாங்காவில் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசலுக்கு ஒரு காலை. வழிகாட்டியோடு போனால் உள்ளேயும் பார்க்கலாம். கடைசியில் ஒரு பகல் மிஞ்சினால் எல் ஜதீதா போய் வா. போர்ச்சுகீசியர் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டி திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள். எங்கள் வீட்டைத் தேடி அலையாதே, தெருவே மாறியிருக்கும்.

அப்பா உன்னை அல் பொராக் ரயிலில் ஏறச் சொல்கிறார், மணிக்கு 320 கிலோமீட்டராம். அந்த வேகம் டாஞ்சியருக்கும் கெனித்ராவுக்கும் நடுவில்தான் என்று சொன்னேன். அப்படியானால் டாஞ்சியரையும் பட்டியலில் சேர்க்கலாமே என்கிறார். நீ புதுப் பட்டியலை எனக்கு மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா