சின்னப்பிள்ளைப் படம் என்றாயே, அதற்குப் பதில்

மஸ்கெலியா
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பதில் எழுத நேரம் இருந்தது, ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. "நாற்பத்தைந்தாகிவிட்டது, இன்னும் அந்தச் சின்னப்பிள்ளைப் படங்களையா பார்த்துக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்டிருந்தாய். ஆமாம், காட்ஸில்லா மாதிரி ராட்சத மிருகங்கள் வருகிற படங்களையும் சூப்பர் ஹீரோப் படங்களையும் இன்னும் பார்க்கிறேன். ஏன் என்று உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. முழங்கால்தான் மழைக்காலத்தில் படுத்துகிறது, மற்றபடி சுகம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். மூத்த மகள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இந்தக் கடிதத்துக்கு அவளும் ஒரு காரணம். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைச் சீசன் தொடங்கிவிட்டது, டவுனில் பஸ்ஸும் வானும் நிறைந்து கிடக்கின்றன. இரவில் வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றால் உச்சி வரைக்கும் லைட் வரிசை தெரிகிறது. அதை நாம் என்னவென்று சொல்லுவோம், ஞாபகம் இருக்கிறதா? ஏதோ பெரிய மிருகம் படுத்திருக்கிறது, அதன் முதுகெலும்பு மட்டும் எரிகிறது என்று சொல்லுவோம். அப்போது நாம் ஒரு காட்ஸில்லாப் படம்கூடப் பார்த்திருக்கவில்லை மச்சான்!

மவுசாகலைத் தண்ணீரையும் அப்படித்தான் பார்த்தோம். 1969 இல் அணை கட்டி, பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே தண்ணீருக்குள் போன கதையைப் பெரியவர்கள் சொன்ன நாளிலிருந்து, கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் கிடக்கிற அந்த ஆழத்தில் ஒன்று குடியிருக்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். நான் நம்பினேன். இன்றைக்கும் தண்ணீர் இறங்கி பழைய கோயில் வெளியே தெரியும்போதெல்லாம், அதற்குப் பின்னால் ஏதாவது அசைகிறதா என்று என் கண் தானாகத் தேடும்.

நமக்கு இந்த ஆசை சினிமாவால் வந்ததில்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது வீரபத்திரன் வருகிற அந்த இரவை நினைத்துப் பார். முதலில் மேல் லயத்து வரிசை வீடுகள் பக்கம் தப்பு மேளச் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது, மூடுபனி. பிறகு அந்தப் பனிக்குள் தீப்பந்த வெளிச்சம் சிவப்பாகப் பரவும். நாம் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்போம். கடைசியில்தான் அந்த முகம் வரும், இடுப்பில் கட்டிய கயிற்றை நாலைந்து பேர் பின்னால் இழுத்துப் பிடித்திருப்பார்கள், அப்படியும் அது முன்னால் பாயும். அது உன் மாமாதான் என்று நமக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அவர் நிற்கும்போது காதுக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்ததையும் பார்த்தோம். தெரிந்தும், அடுத்த மாசியில் திரும்பவும் பயந்தோம்.

சத்தம், வெளிச்சம், அப்புறம்தான் உருவம். நான் பார்த்த நல்ல ராட்சதப் படங்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. ஜுராசிக் பார்க்கை எடுத்துக்கொள். 1993 இல் வந்த படம் நமக்கு அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தது, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயமே காசு சேர்த்து. ஒருத்தருக்கும் இங்கிலீஷ் விளங்காது, உன் அண்ணன் பக்கத்தில் நின்று கதை சொன்னார், பாதி அவர் கற்பனை. அந்தப் படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, ஆனால் டைனோசர் திரையில் தெரிவது மொத்தம் கால் மணி நேரத்தை ஒட்டித்தான். மற்ற நேரமெல்லாம் நாம் காத்துக்கொண்டிருக்கிறோம். மழையில் நிற்கிற காருக்குள் ஒரு கிளாஸ் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிருமே, அதற்கு காருக்கு அடியில் ஒரு கிட்டார் கம்பியைக் கட்டி ஓர் ஆள் மீட்டிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெரிய டைனோசரை நிஜ அளவில் இயந்திரமாகவே செய்திருந்தார்கள். மழைக்காட்சியில் அதன் ரப்பர்த் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் நடுங்கத் தொடங்கியதாம், ஒவ்வொரு தடவையும் துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தார்களாம். இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் கம்பளிதான் ஞாபகம் வந்தது. மழையில் நனைந்த கம்பளி எவ்வளவு கனம் என்று உனக்கும் தெரியும்.

அன்றைக்கு அம்மாவும் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றபடியே பார்த்தார். அந்த நீண்ட கழுத்துக்காரன் மரத்து உச்சியில் இலை தின்கிற காட்சி வந்ததும் அம்மா மெதுவாக, "பாவம், அதுவும் கொழுந்துதான் எடுக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் படம் என்றாலே அந்தக் குரல்தான்.

(அதை எடுத்த ஸ்பீல்பெர்க் 1983 இல் கண்டிக்கு வந்து இண்டியானா ஜோன்ஸ் படம் எடுத்தவர் என்று உனக்குத் தெரியுமா? தொங்குபாலம் அறுந்து விழுகிற காட்சியை விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் எடுத்தார்கள். நாம் அப்போது நடை பழகி கொஞ்ச நாள்.)

சரி, காட்ஸில்லாவுக்கு வருகிறேன். முதல் படம் 1954 நவம்பரில் ஜப்பானில் வந்தது. அதே வருடம் மார்ச் 1 ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைப் பரிசோதித்தபோது, தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் இருபத்து மூன்று பேர். ஒருவர் செப்டெம்பரில் இறந்தே போனார். படம் அதே மாதிரி ஒரு படகில்தான் தொடங்குகிறது, கடலில் திடீர் வெளிச்சம், படகு எரிகிறது. எட்டே மாதத்துக்கு முன்னால் நடந்த விஷயம்! தியேட்டரில் உட்கார்ந்திருந்த சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார், அதைச் சின்னப்பிள்ளைப் படம் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, அந்தப் படத்தில் காட்ஸில்லா முதல்முதலில் தலைகாட்டுவது ஒரு குன்றுக்குப் பின்னாலிருந்து. ஊர்ச்சனம் மேட்டில் ஏறி ஓடுகிறது, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலை எழும்புகிறது. மலையில் பிறந்தவனுக்கு இது எங்கே போய்த் தொடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உருவத்துக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடுப்பு நூறு கிலோ அளவு கனம், போட்டுக்கொண்டு சில மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. அவர் மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து நடை பழகினார். உன் மாமாவுக்கு அந்த மனிதரைத் தெரிந்திருந்தால் இரண்டு பேரும் நல்ல சிநேகிதமாகியிருப்பார்கள். அப்புறம் அந்தக் கத்தல்! இசையமைத்த அகிரா இஃபுகுபேதான் அதற்கும் வழி கண்டுபிடித்தார். பிசின் பூசிய தோல் கையுறையால் ஒரு பெரிய வயலினின், டபிள் பேஸ் என்பார்கள், தளர்த்திய தந்தியை உரசிப் பதிவு செய்து, அதை மெதுவாக ஓடவிட்டார்கள். தோலும் கையும் சேர்ந்தால் சனம் நடுங்கும் என்பது தப்படிக்கிற நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

அந்தப் படத்தில் அதன் உயரம் ஐம்பது மீட்டர். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். கணக்குப் போட்டேன், கடல் மட்டத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பத்தைந்து காட்ஸில்லாக்களை நிறுத்தினால்தான் உச்சியிலிருக்கிற பாதம் எட்டும். மகளிடம் சொன்னபோது அவளுக்கு நம் மலைமேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவள் வருகிறாள். பரீட்சை முடிந்த அடுத்த நாளே போனில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு லயம் கட்டினாள், பத்து வீட்டுக் காம்பரா, தகரக் கூரைக்கு மைலோ டின் வெட்டி. களிமண்ணில் ஒரு ராட்சதன். ஆனால் அது லயத்தை மிதித்தபோது பொம்மை பொம்மையாகத்தான் தெரிந்தது, அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். நான் சொன்னேன், சின்னச் சாமான் சட்டென்று விழும், பெரிய சாமான் விழ நேரமெடுக்கும், அதனால் வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்ட வேண்டும், 1954 படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்த சுபுராயா செய்ததும் அதுதான் என்று. போனில் ஸ்லோ மோஷன் போட்டு எடுத்தாள். மச்சான், கூரை தூக்கியெறியப்பட்டு மெதுவாக விழுந்தபோது எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்றது.

ஏன் என்று உனக்குப் புரியும். 2014 மே மாதம் வந்த அமெரிக்கக் காட்ஸில்லாவைப் பார்க்க நான் கண்டிக்கு பஸ் ஏறிப் போனேன். அதில் அது திரையில் வருவது ஏறக்குறைய பத்து நிமிடம்தான் என்று நிறையப் பேர் குறை சொன்னார்கள். எனக்குக் குறையாகப் படவில்லை, புகைக்குள் கால் மட்டும், முதுகு மட்டும் தெரிந்ததே எனக்குப் போதும். அந்த வருடம் ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவாக மலை லயங்கள்மேல் இறங்கியது. அங்கே எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆனால் நம் லயம் மாதிரியே லயங்கள், நம் சனம் மாதிரியே சனம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு வருடம் ஆனது. நிலம் எழும்புகிற காட்சியில் கை நடுங்கியது, ஆனாலும் கடைசி வரை பார்த்தேன். பார்த்து முடித்த பிறகு முதல் தடவையாக அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிப் பேசினேன், அவரும் பேசினார், மழை விடாமல் பெய்கிற இரவுகளில் தானும் தூங்குவதில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார். ஜப்பானியச் சனம் அந்தப் படகைப் பற்றித் தங்களுக்குள் பேசவும் இப்படி ஒரு படம் வேண்டியிருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

2023 இல் வந்த காட்ஸில்லா மைனஸ் ஒன் நீ கட்டாயம் பார்க்க வேண்டும். யுத்தத்தில் எல்லாம் இழந்து நிற்கிற சனம், அவர்கள்மேல் மறுபடியும் இது வருகிறது. கதையை இதற்குமேல் சொல்லமாட்டேன். விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்தது வெறும் முப்பத்தைந்து பேர், டைரக்டர் தகாஷி யமசாகியே அந்த வேலைக்கும் தலைவர். 2024 இல் அவர்களுக்கு ஒஸ்கார் கிடைத்த செய்தி வந்த காலையில் நான் தனியாகக் கை தட்டினேன்.

சூப்பர் ஹீரோக்களைப் பற்றி உன்னோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஊரையே இடித்துவிட்டு, செத்தது யார் என்றுகூடக் கேட்காமல் பறந்துபோகிற படங்கள் நிறைய வருகின்றன, அவை எனக்கும் பிடிக்காது. ஸ்பைடர் மேனை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டு வாடகை கட்டக் காசில்லாத பையன் அவன். 2004 இல் வந்த இரண்டாவது படத்தில் ஓடுகிற ரயிலைத் தன் உடம்பால் இழுத்து நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான், முகமூடி இல்லை. பெட்டிக்குள் இருந்த சனம் அவனைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுவந்து படுக்க வைக்கிறது. ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மகன் வயசுதான் இருக்கும் என்கிறார். நம் தோட்டத்து மேல் டிவிஷனில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கிடத்தி நாலு பேர் மாறி மாறித் தோள் கொடுத்து ரோட்டுக்கு இறக்குவார்களே, உன் அப்பாவை அப்படித்தானே இறக்கினோம். அந்தக் காட்சியில் நான் ஒவ்வொரு தடவையும் அழுகிறேன் மச்சான், இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரைக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். வந்தால் நேரே இங்கே வா. தெரிந்த ஒருவரிடம் புரொஜெக்டர் கேட்டு வைத்திருக்கிறேன், லயத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டலாம், சின்னதுகள் எல்லாம் வரும். முதலில் மகளின் படம், மூன்றரை நிமிடம்தான், அதற்குப் பிறகு 1954. கறுப்பு வெள்ளை என்று பிள்ளைகள் முனகினால் நீ பக்கத்தில் நின்று உன் அண்ணன் மாதிரி கதை சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கியிருந்தால் அடுத்த நாள் காலையில் பழைய கோயிலடிக்கு நடந்து போவோம், மகள் அங்கே வைத்துத்தான் அடுத்த படத்தை எடுப்பாளாம், தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவனாக நடிக்க உயரமான ஆள் வேண்டுமாம், நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பள்ளிக்கூட வாங்குத் தோழன்