மேன்முறையீட்டுக் கோப்பில் எதை வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஒக்டோபரில் உங்கள் பத்திரிகையின் நடுப்பக்கம் முழுவதும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைகளுக்கான லெவன் பிளஸ் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள். பார்க்க மனம் நிறைந்தது. அவற்றைச் சுற்றி ரியூசன் நிலையங்களின் விளம்பரங்கள். இனி மார்ச் முதலாம் திகதி வருகிறது. இங்கிலாந்து முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இடைநிலைப் பாடசாலை அறிவிக்கப்படும் நாள் அது. கேட்ட கிராமர் பாடசாலை கிடைக்காத குடும்பங்கள் அன்று மாலையே ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிடும். மேன்முறையீடு செய்யலாமா, எப்படிச் செய்வது, யாரிடம் போவது? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பக்கங்களில் இதுவரை ஒரு பந்தியைக் கூட நான் காணவில்லை. அதைக் கேட்டே இந்தக் கடிதம்.

தெற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பறை உதவியாளராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தெரிந்த குடும்பங்களுக்கு மேன்முறையீட்டுக் கடிதம் எழுத உதவுகிறேன். விசாரணைக்குத் துணையாகவும் போகிறேன். பெற்றோர் தம்முடன் ஒரு நண்பரையோ தம் சார்பில் பேச ஒருவரையோ அழைத்துவர அரசாங்கத்தின் மேன்முறையீட்டு விதிக்கோவை இடமளிக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. இந்த இரண்டையும் சொன்னால் நம்ப மறுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

நம்மில் பலர் ஊரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி வந்தவர்கள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பது நமக்குப் பழக்கம். அதே நினைப்பில், 'இரண்டு புள்ளிதானே குறைவு, தயவு செய்து திரும்பப் பாருங்கள்' என்று இங்கும் எழுதிவிடுகிறார்கள். இங்கு மேன்முறையீட்டை விசாரிக்கும் குழு விடைத்தாளைத் திருத்துவதில்லை. தானே ஒரு சோதனை வைத்துப் பிள்ளையை அளக்கவும் அதற்கு அதிகாரமில்லை. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் கல்வித்துறை அனுபவம் உள்ளவர் ஒருவராவது, பாடசாலை நடத்திய அனுபவம் இல்லாத பொதுமகன் ஒருவராவது இருக்க வேண்டும். மூவரும் அந்தப் பாடசாலையோடு தொடர்பில்லாதவர்கள். முன்னால் இருக்கும் தாள்களைப் படித்து, இரு தரப்பையும் கேட்டுத் தீர்மானிப்பார்கள். பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டால் பாடசாலை அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதனால்தான் அந்தத் தாள்கள் எவை என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு தகப்பன் என் வீட்டுக்குக் கோப்போடு வந்தார். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார். தடித்த நீலக் கோப்பு. ஒவ்வொரு தாளும் பிளாஸ்டிக் உறைக்குள். முதலில் மிருதங்கத் தரச் சான்றிதழ். பிறகு கராத்தே, நீச்சல், தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டியில் முதலிடம். கோயில் நிர்வாக சபையின் நற்சான்றுக் கடிதம். ரியூசன் நிலையத்தின் மாதிரிப் பரீட்சைப் புள்ளிகள் பல பக்கங்களுக்கு. 'ஐந்தாம் ஆண்டு அறிக்கை எங்கே, தம்பி?' என்று கேட்டேன். அது கோப்பில் இல்லை. பைக்குள் தேடி, நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். வகுப்பாசிரியர் எழுதியிருந்தார்: வாசிப்பில் வயதுக்கு வெகு மேலே, கணிதத்தில் எதிர்பார்ப்பைவிட உயர்ந்த நிலை, புதிய வகைக் கேள்விகளைத் தானே விடுவிக்கும் ஆற்றல். அந்தக் கோப்பு முழுவதிலும் குழு தேடப்போவது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. பரீட்சையன்று பிள்ளை தன் முழுத் திறமையைக் காட்டவில்லை என்பது வாதமானால், பிள்ளை தேவையான கல்வித் தரத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று விதிக்கோவையே சொல்கிறது. உதாரணமாக அது காட்டுவது பாடசாலை அறிக்கைகளையும், ஏன் இந்தப் பிள்ளை கிராமர் பாடசாலைக்குத் தகுந்தது என்று தெளிவாகச் சொல்லும் பாடசாலையின் கடிதத்தையும். மிருதங்கம் பிள்ளைக்கு நல்லது, கட்டாயம் தொடரட்டும். அதனால் கணிதத் தரம் நிறுவப்படாது. ரியூசன் நிலையத்தின் புள்ளிகளையும் குழுக்கள் பெரிதாக எடுப்பதில்லை. பணம் வாங்கிப் படிப்பிக்கும் இடம் தன் மாணவனைப் புகழ்வது இயல்புதானே.

ஆகவே பெற்றோர் முதலில் போக வேண்டிய இடம் பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையின் அலுவலகம். மார்ச் முதல் வாரத்திலேயே போக வேண்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டு அறிக்கைகள், வாசிப்பு வயது, கேட் எனப்படும் அறிவாற்றல் சோதனையின் புள்ளிகள் இருந்தால் அவை, சாட்ஸ் எனப்படும் தேசியப் பரீட்சைக்கு ஆறாம் ஆண்டில் வைக்கும் மாதிரிப் பரீட்சை முடிவுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். கேட் சோதனையின் சராசரி 100. அதிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்பதைக் குழுவிலுள்ள எவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார்கள். அதிபர் கடிதம் தருவாரா என்றும் கேளுங்கள். சில அதிபர்கள் மேன்முறையீட்டுக்குக் கடிதம் எழுதுவதில்லை என்ற கொள்கை வைத்திருக்கிறார்கள்; அவர்களோடு சண்டை பிடித்துப் பயனில்லை. எழுதாவிட்டாலும் புள்ளிவிவரங்களைப் பெறலாம். கவுன்சிலின் கீழுள்ள பாடசாலையானால் பிள்ளையின் கல்விப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு; எழுத்தில் கேட்டால் 15 பாடசாலை நாட்களுக்குள் காட்ட வேண்டும்.

அந்தக் கேட்கும் இடத்தில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். ஆசிரியரிடம் எதையாவது கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. நான் வேலை செய்த பாடசாலையில் ஆங்கிலேயத் தாய்மார் அலுவலகத்தில் நின்று உரிமையோடு கேட்டு வாங்கிப் போவார்கள். நம் தாய்மார் வாசலில் நின்று என்னிடம், 'அக்கா, கேட்டால் கோபிப்பார்களா?' என்பார்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். அது உங்கள் பிள்ளையின் பதிவு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வீட்டுத் துன்பத்தை வெளியே சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். ஒரு விசாரணையில் குழுத் தலைவி மிகவும் கனிவாகத்தான் கேட்டார்: 'ஐந்தாம் ஆண்டு முடியும்வரை இவ்வளவு நன்றாக இருந்த பிள்ளை செப்டெம்பர் பரீட்சையில் ஏன் இப்படி?' தாய் மேசையைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கோடை முழுவதும் கணவர் வைத்தியசாலையில் இருந்ததும், பிள்ளை மாமி வீட்டில் தங்கிப் பாடசாலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லும்படி கெஞ்சியிருந்தேன். சனம் கதைக்கும் என்று அவர் பயந்தார். அந்த விசாரணை மூடிய அறையில் நடப்பது. அங்கே பார்வையாளர்களோ அயலவர்களோ இல்லை. கடைசியில் ஒரே ஒரு வசனம் சொன்னார். கையில் வைத்தியசாலைக் கடிதம் இல்லை. நேரத்துக்குக் கொடுக்காத ஆவணத்தை ஏற்பதா இல்லையா என்பதும் குழுவின் முடிவுதான். நோய், மரணம், வீடு மாறியது, குடும்பப் பிரிவு எதுவானாலும் பரீட்சைக் காலத்தோடு பொருந்தும் திகதியிட்ட கடிதம் ஒன்றை வைத்தியரிடமோ பாடசாலையிடமோ வாங்கி முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். காரணம் மட்டும் போதாது, தரத்துக்கான சான்றும் கூடவே நிற்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லா மேன்முறையீடும் ஒரே மாதிரியும் அல்ல. சட்டன், கிங்ஸ்டன் பக்கத்துக் கிராமர் பாடசாலைகளுக்கு இடங்களைவிடப் பல மடங்கு பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். அங்கே தகுதிப் புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஏராளம். அந்த நிலையில் 'என் மகள் கெட்டிக்காரி' என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் அர்த்தமில்லை. அதைப் பாடசாலையே ஒப்புக்கொண்டுவிட்டது. இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் வகுப்பறையும் ஆய்வுகூடமும் தாங்காது என்பதே அவர்கள் வாதம். அந்தச் சிரமத்தைவிட உங்கள் பிள்ளைக்கு வரும் பாதிப்பு பெரிது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஏன் இந்தப் பாடசாலைதான் வேண்டும்? அங்கே மட்டும் கிடைக்கும் பாடம் எது, உதவி எது? அந்தப் பாடசாலையைப் பற்றி எழுதாமல் பொதுவாகக் 'கிராமர் பாடசாலை வேண்டும்' என்று எழுதிய கடிதங்கள் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கிங்ஹாம்ஷயரில் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகவே யோசிக்க வேண்டும். அங்கே தகுதிப் புள்ளி 121. அதற்குக் குறைந்தவர்கள் இலையுதிர் காலத்திலேயே தெரிவு மீளாய்வுக்கு, அதாவது பிள்ளையின் தகுதியைத் திரும்பப் பார்க்கும்படி, விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மீளாய்வு ஒருமுறை நடந்துவிட்டால், பின்னர் வரும் மேன்முறையீட்டுக் குழு முதலில் பார்ப்பது அது நியாயமாகவும், ஒரே சீராகவும், பக்கச்சார்பில்லாமலும் நடந்ததா என்பதை மட்டுமே. நடந்திருந்தால் பிள்ளையின் தரத்தை அவர்கள் புதிதாக எடைபோட முடியாது. ஒக்டோபர் கவலையில் யோசிக்காமல் அரைகுறைச் சான்றோடு மீளாய்வுக்குப் போனவர்கள் மார்ச்சில் கதவு பாதி மூடியிருக்கக் காண்கிறார்கள்.

விண்ணப்பிக்கக் குறைந்தது 20 பாடசாலை நாட்கள் தருவார்கள். ஈஸ்டர் விடுமுறை அந்தக் கணக்கில் வராது என்றாலும் விடுமுறையில் பாடசாலை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒதுக்கிய பாடசாலையை ஏற்றுக்கொண்டால் மேன்முறையீடு பலவீனமாகும் என்று ஒரு கதை நம்மிடையே உலாவுகிறது. அது பொய். ஏற்றுக்கொள்ளுங்கள்; காத்திருப்போர் பட்டியலிலும் பெயரை வையுங்கள். அதை டிசம்பர் 31 வரையாவது பேண வேண்டும் என்பது விதி. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விசாரணைக்கு முன்பே, அதை ஒழுங்கு செய்யும் கிளார்க்கிடம் எழுத்தில் கேளுங்கள். பத்து வயது, பதினொரு வயதுப் பிள்ளையை அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தன் வாயாலேயே பிள்ளை சொல்ல நேரும் கொடுமையை எந்தத் தாயும் செய்யக் கூடாது.

இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கும் தகவல். அரசாங்கத்தின் இணையத்தளத்தில் மேன்முறையீட்டு விதிக்கோவை யாரும் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில், சட்ட மொழியில் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பல நூறு பவுண் வாங்கிக்கொண்டு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றித் தருபவர்கள் பிழைக்கிறார்கள். அப்படி எழுதிய இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பிள்ளை 'அண்டவெளி ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்'. ஒரு பிள்ளைக்குப் பிடித்தது தையலும் வரலாறும். குழுவிலிருப்பவர்கள் ஒரே நாளில் பல கடிதங்களைப் படிப்பவர்கள். அச்சடித்த வார்த்தை அவர்களுக்குத் தெரியாமல் போகாது. இரவு வேலை செய்து சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மேன்முறையீடு செய்தவர்கள் எல்லோரும் வெல்வதில்லை. தோற்பவர்களே அதிகம். அந்த நீலக் கோப்புத் தகப்பனின் மகனுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் சரியான தாள்களோடு போனார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், தீர்ப்புக் கடிதத்தில் காரணங்களைப் படித்துப் புரிந்துகொண்டார். மகன் இப்போது பக்கத்துப் பொதுப் பாடசாலையில் கணிதத்தில் முதல் பிரிவில் படிக்கிறான்.

ஆசிரியர் அவர்களே, மார்ச் முதல் வார இதழில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். ஒரு விளம்பரத்தின் இடம் போதும். முக்கியமான திகதிகள், கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் வழி ஆகியவை தமிழில் வரட்டும். எழுதித் தர நான் ஆயத்தம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம், பெற்றோருக்காக ஓர் அறையைத் திறந்து வையுங்கள். ஐந்தாம் ஆண்டு அறிக்கையை மட்டும் கையில் எடுத்து வரச் சொல்லுங்கள். நானும் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
தெற்கு லண்டன்