பத்துமலையின் மூத்த குடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்துமலை முருகன் கோயிலில் மின்படிக்கட்டு அமைக்கும் பேச்சு கிளம்பியதிலிருந்து வாதம் ஓயவில்லை. முதியவர்களுக்கு உதவும் என்கிறார்கள் சிலர். 272 படிகளையும் காலால் ஏறினால்தான் நேர்த்திக்கடன் என்கிறார்கள் வேறு சிலர். 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோதும் இப்படித்தான் முட்டிக்கொண்டோம். மலையில் குடியிருக்கும் உயிர்களைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு முறையும் என் காதில் விழவில்லை.

படியேறும்போது இடப்பக்கம் இருப்பது இருட்டுக் குகை. 2019இல் மூடப்படும்வரை வழிகாட்டியுடன் உள்ளே போய்வரலாம், நானும் போயிருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் சுவரை உற்றுப் பார்த்தால் மண்ணோடு மண்ணாக ஒரு சிறு மூடி தெரியும். அதன் வாயிலிருந்து நாலாபுறமும் மெல்லிய இழைகள் ஓடும். பூச்சியின் கால் ஓர் இழையில் இடறினால் போதும், மூடியைத் தள்ளிக்கொண்டு சிலந்தி பாய்ந்துவிடும். 1923இல் அறிவியல் உலகம் பெயர் சூட்டிய பத்துமலைப் பொறிக்கதவுச் சிலந்தி அது. சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையுள்ள குலம். அதன் வயிற்றின் மேல் இன்னும் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கின்றன. மற்ற சிலந்திகள் அவற்றை எப்போதோ இழந்துவிட்டன.

அந்த இருட்டில் எல்லோருக்கும் படியளப்பது வௌவால். வெயிலும் செடியும் இல்லாத இடத்தில் அதன் எச்சத்தைத் தின்றுதான் கரப்பானும் புழுவும் பிழைக்கின்றன. அவற்றைத் தின்று பூரானும் சிலந்தியும் பிழைக்கின்றன.

நமக்கும் அதே வௌவால்தான் படியளக்கிறது. டுரியான் கடையில் பேரம் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவோம்? டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் தேன் சுரக்கும். குகையிலிருந்து வரும் தேன்குடி வௌவால் முகமெல்லாம் மகரந்தத்தோடு மரத்துக்கு மரம் போனால்தான் காய் பிடிக்கும். பெத்தாய்க் காயின் கதையும் அதுதான். இந்த வௌவால்கள் இரை தேடி முப்பது கிலோமீட்டருக்கு மேலும், கடலோரச் சதுப்புக்காடுவரை பறந்துபோவதாக 1970களின் ஆய்வுகள் காட்டின. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால், கூட்டம் ஒருமுறை கலைந்தால் மீள நெடுங்காலம் ஆகும்.

கல்லுடைப்பு என்ன செய்யும் என்பதற்குப் பகாங் மாநிலத்தின் புக்கிட் பஞ்சிங் குன்று சாட்சி. குன்றையே வெட்டித் தீர்த்தார்கள். அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு குட்டி நத்தை இனம் அதோடு பூண்டற்றுப் போனது. பத்துமலையில் 1980களின் தொடக்கத்தில் வெட்டு நின்றதால் மலை பிழைத்தது.

இப்போது கேடு சில்லறையாக வருகிறது. குகை வாயைப் பார்த்து எரியும் விளக்கு, பாறையில் மோதி எதிரொலிக்கும் ஒலிபெருக்கி, எலியைக் கூப்பிடும் எச்சில் பொட்டலம். குரங்குக்கு பிஸ்கட் நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அது பால்குடத்தின் மேல் பாய்ந்தால் அதன் மேல் பழி போடுகிறோம். உருமியும் காவடியும் இல்லாத தைப்பூசத்தை நான் கேட்கவில்லை. அது ஆண்டுக்குச் சில நாள். மற்ற நாள்களிலும் வெளிச்சமும் இரைச்சலும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மின்படிக்கட்டு வரட்டும், வராமலும் போகட்டும். எதைக் கட்டினாலும் குகை உயிர்களை ஆராய்ந்தவர்களை முதல் கூட்டத்திலேயே உட்கார வைக்க வேண்டும். வரைபடம் முடிந்தபின் கையொப்பத்துக்குக் கூப்பிடக் கூடாது. இருட்டுக் குகையின் பக்கம் பாறையில் துளைபோடக் கூடாது. வௌவால் வெளியேறும் அந்திப் பொழுதில் இயந்திரங்கள் நிற்க வேண்டும். விளக்குகள் படியை நோக்கிக் கவிழ்ந்திருக்க வேண்டும்; இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
செலாயாங்