ராடும் பின்னும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து ஆயில் என்ஜின்காரர்கள் அனைவருக்கும், என்ஜினுக்குப் புஷ்ஷும் பேரிங்கும் கடைந்து தரும் எங்கள் லேத் பட்டறையின் வணக்கம். புஷ் என்பது ராடின் துளைக்குள் இறுக்கிப் பொருத்தும் உலோக வளையம்.

புஷ் கடையும் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையின் விலை ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். நாம் வாங்கும் ரகத்தில் நூற்றுக்கு 85 பங்கு செம்பு. மீதி வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் ஐந்தைந்து பங்கு. செம்பு ஏறினால் புஷ்ஷும் ஏறத்தான் செய்யும். கெட்டி உருளையில் கடைந்தால் பாதிக்கு மேல் சீவலாகப் போகிறது என்பதால், இப்போது நடுவில் துளை விட்டு வார்த்ததையே வாங்குகிறோம்.

ஆனால் இந்த மடலை எழுதுவது விலைக்காக அல்ல. "அங்க கடைஞ்ச புஷ்ஷப் போட்டா என்ஜின் பிடிச்சுக்குது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. அது மனதை அறுக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குரல்பதிவில் சொல்லும் வேலைக்கு எங்களிடம் வந்தது பழைய புஷ் மட்டும். புஷ்ஷுக்குள் நுழையும் பிஸ்டன் பின் வரவில்லை, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடும் வரவில்லை. புஷ்ஷின் வெளிவிட்டம் ராடின் துளையைவிடத் துளி கூடுதலாக இருந்தால்தான் இறுகி நிற்கும். இறுக்கி ஏற்றியதும் உள்துளை சுருங்கும். அதனால்தான் உள்ளே கொஞ்சம் சதை, அதாவது கூடுதல் உலோகம், விட்டுக் கடைகிறோம். ராடில் ஏற்றிய பிறகு, துளையை அளவுக்குச் சீவும் ரீமர் விட்டுப் பின்னுக்குப் பொருத்த வேண்டும். வந்தவரிடம் இதைச் சொல்லித்தான் கொடுத்தோம். அங்கே சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். பின் நுழையவில்லை என்றதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அது போதாதென்று, புஷ்ஷின் எண்ணெய்த் துளை ராடின் துளைக்கு நேராக இல்லாமல் திரும்பி நின்றது. பிறகு எண்ணெய் எப்படி இறங்கும்? சூடேறினால் கன்மெட்டல் இரும்பைவிட அதிகமாக விரியும். வெளியே ராடு இடம் கொடுக்காது, உள்பக்கம்தான் நெருக்கும், பின்னைப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய புஷ் இங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.

கிராங்க் தண்டைச் சுற்றி இரு பாதியாக உட்காரும் கிராங்க் பேரிங்கும் அப்படித்தான். 50 மி.மீ. தண்டுக்கு 0.05 மி.மீ. இடைவெளி வைப்பது வழக்கம். தண்டு தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? நாலு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் இரு பாதிகளையும் ஈயப்பற்று வைத்து ஒட்டிக் கடைவது வீண் வேலை.

ஆகவே இனி மாதிரி புஷ்ஷை மட்டும் வைத்துக் கடைந்து தருவதில்லை. ராடு, பின், கிராங்க் வேலையானால் கிராங்க், எல்லாம் வேண்டும். ஏற்றி, ரீமர் விட்டு, பின் கையால் தள்ளினால் வழுக்கிப் போவதை உங்கள் முன்னாலேயே காட்டித் தருவோம்.

பெரிய லேத்தில் நின்ற தம்பி கோவையில் சிஎன்சி வேலைக்குப் போய்விட்டார். கெட்டிக்காரர், நன்றாக இருக்கட்டும். அதனால் வேலை முடிய நாலைந்து நாள் கூடுதலாகலாம், முன்பணமும் வாங்குகிறோம்.

மின் இணைப்புக்குக் காத்திருந்த காலத்திலும், கரும்பாலை ஓடும் நாட்களிலும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறையைத் தேடி வந்தவர்கள் நீங்கள். குரல்பதிவைக் கேட்டுவிட்டு, "நீங்க கடையுங்க, நாங்க இருக்கறோம்" என்று போன் செய்த அண்ணன்மார்களுக்கு எங்கள் வீட்டார் எல்லோரின் நன்றி. அந்த என்ஜின்காரரும் ராடோடு வந்தால், கூலி வாங்காமல் பொருத்தித் தருகிறோம்.