அடுத்த ஃபார்முலா 1 கார் மழையிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் தொழில்நுட்பம், பாதுகாப்புப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

2026 விதிகளோடு புது கார்கள் வந்துவிட்டன. அதற்கடுத்த தலைமுறை கார் எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்க வேண்டிய நேரமும் இதுதான். எஞ்சின், எடை, சத்தம் பற்றியெல்லாம் உங்களிடம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். மழையில் ஒரு கார் தனக்குப் பின்னால் எவ்வளவு நீர்ப்புகையை, அதாவது புகைபோல எழும் நீர்த்துளி மூட்டத்தைக் கிளப்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். மோதல் சோதனையில் தேறாத காரை நீங்கள் ஓடவிடுவதில்லை. இந்தச் சோதனையில் தேறாத காரும் ஓடக்கூடாது.

உங்கள் வேலையைக் குறைத்துப் பேச வரவில்லை. ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும் காப்பு வளையமான ஹேலோவை 2018-இல் கட்டாயமாக்கியபோது அதை அசிங்கம் என்று சொல்லாத ஆள் இல்லை. எதிர்த்தவர்களில் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரைனில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டு துண்டானது. ஏறக்குறைய அரை நிமிடம் தீக்குள் இருந்துவிட்டுத் தானே எழுந்து வெளியே வந்தார். தன் உயிரைக் காத்தது ஹேலோதான் என்று பிறகு அவரே சொன்னார். 2022-இல் சில்வர்ஸ்டோனில் ஓட்டுநர் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கியபோது கவிழ்ந்தால் காப்பதற்காகத் தலைக்குப் பின்னால் இருந்த ரோல் ஹூப் என்ற வளைவு பெயர்ந்துவிட்டது. அவரையும் காப்பாற்றியது ஹேலோதான். 2026 விதிகளில் அந்த ரோல் ஹூப் தாங்கவேண்டிய விசையை 16ஜி-யிலிருந்து 20ஜி-க்கு (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) உயர்த்தினீர்கள். நல்ல காரியம்.

ஆனால் இவை எல்லாமே மோதிய பிறகு ஓட்டுநரைக் காப்பவை. மோதுவதற்கு முன், முன்னால் என்ன இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியவேண்டுமே? மழை வந்தால் அது தெரிவதில்லை.

1989 நவம்பர் 5, அடிலெய்ட். ஓட்டுநர் மார்ட்டின் பிரண்டிலின் பிராபம் அணிக் காரில் பின்பக்கம் பார்க்கும் கேமரா ஒன்று இருந்தது. அந்தக் காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திரையில் வெறும் வெள்ளைப் புகை. பின்னால் யாராவது வருகிறார்களா என்பதே தெரியவில்லை. திடீரென்று புகைக்குள்ளிருந்து அயர்டன் செனாவின் மெக்லாரன் கார் முளைக்கிறது. அது மெக்லாரன் என்று நமக்குப் புரிவதற்குள் இடித்துவிடுகிறது. மழையில் செனாவை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். அவருக்கே முன்னால் ஒரு கார் போவது தெரியவில்லை.

அதே பந்தயத்தில் இன்னொரு ஓட்டுநர் அலன் பிராஸ்ட் ஒரே சுற்றோடு இறங்கிக்கொண்டார். அவருக்குக் காரணம் இருந்தது. 1982-இல் ஹாக்கன்ஹைமில், கொட்டும் மழையில், டிடியே பிரோனி கண் தெரியாமல் வந்து மோதியது பிராஸ்டின் காரின் பின்பக்கத்தில்தான். கால்கள் நொறுங்கிய பிரோனி அதற்குப் பிறகு ஃபார்முலா 1 பந்தயம் எதிலும் ஓடவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜூலை 1 அன்று ஸ்பாவில், ஜூனியர் பந்தயம் ஒன்றில், எதிரே எதுவும் தெரியாத புகைக்குள் நடந்த மோதலில் டிலானோ ஃபான் ட் ஹோஃப் இறந்துபோனார். அவருக்கு 18 வயது. ஹேலோ பொருத்திய கார்தான் அதுவும்.

ஏன் இவ்வளவு புகை? டயர் தயாரிக்கும் பிரெல்லியின் கணக்குப்படி, 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழுமழை டயர் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரைத் தரையிலிருந்து அள்ளி எறிகிறது. மழையில் நெடுஞ்சாலை லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டியவர்கள் இதைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, காரைத் தரையோடு ஒட்டவைக்கும் அடித்தளமும், அதன் பின்முனையில் காற்று வெளியேறும் வாயான டிஃப்யூசரும் தண்ணீரை உறிஞ்சி மேலே வீசுகின்றன. இது உங்களுக்கே தெரியும். 2023-இல் சில்வர்ஸ்டோனிலும் 2024-இல் ஃபியோரானோவிலும் சக்கரங்களுக்கு மூடி போட்டுப் பார்த்தீர்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அத்தோடு அந்த முயற்சி நின்றுபோனது. எனக்கு வருத்தம் இதில்தான். ஏற்கெனவே வடிவமைத்து முடித்த காரில் கடைசியாக ஒரு மூடியை மாட்டினால் அவ்வளவுதான் கிடைக்கும். முதல் கோட்டை வரையும்போதே புகையும் கணக்கில் இருக்கவேண்டும்.

சோதனை எளிமையாகவே இருக்கலாம். நனைத்த தளம், குறித்த வேகம். குறித்த தூரத்தில் பின்னால் இருக்கும் கேமராவுக்கு, முன்னால் போகும் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு தெரிகிறதா, இல்லையா? எண்களை நீங்களே முடிவு செய்யுங்கள். வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால், அதை எட்டும் வழியை அணிகளின் பொறியாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கார் ஓடும்போதே அதன் இறக்கைகள் கோணம் மாறுகின்றன, 2026 கார்களில் அதை அனுமதித்துவிட்டீர்கள். அப்படியானால், மழை என்று அறிவித்ததும் டிஃப்யூசரின் வாயைச் சுருக்கிக்கொள்ளும் ஒரு தளத்தை ஏன் யோசிக்கக்கூடாது? கார் தரையைப் பிடிப்பது குறையும், வேகமும் குறையும். சரி, குறையட்டும். எல்லோருக்கும் ஒரே அளவுதானே குறையப்போகிறது.

அப்படியும் கொஞ்சம் புகை மிஞ்சும். அதற்கு ரேடார் இருக்கிறது. தெருவில் ஓடும் கார்களே முன்னால் போகும் வண்டியை ரேடாரில் பார்த்துத் தாமாக பிரேக் போடுகின்றன. கொர்வெட் பந்தய அணி 2013-இலேயே பின்னால் வரும் கார்களைக் காட்டும் ரேடாரைப் பொருத்திக்கொண்டது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக நிற்கும் ஹேலோவின் நடுத்தூணில் ஒரு சின்ன விளக்கு வரிசை போதும். மெதுவாகப் போகும் கார் எதிரே இருந்தால் அது எரியட்டும். பிரேக் போடுவது ஓட்டுநரின் வேலையாகவே இருக்கட்டும். இதை இப்போது அவசரம் என்று நினைக்கிறேன். 2026 கார்களில் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மின்மோட்டாரின் பலம் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போயிருக்கிறது. பேட்டரி தீர்ந்த காரும் தீராத காரும் ஒரே நேர்ப்பாதையில் ஓடும்போது வேக வித்தியாசம் பெரிதாக இருக்கும். வெயிலில் அதைச் சமாளித்துவிடலாம், புகைக்குள் முடியாது.

மழை என்றால் பந்தயத்தையே நிறுத்திவிடலாமே என்பார்கள் சிலர். 2021-இல் ஸ்பாவில் அதுதான் நடந்தது. மணிக்கணக்கில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த மக்களுக்கு, எல்லோரையும் மெதுவாக அழைத்துச்செல்லும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்றுகளைக் காட்டி, பாதிப் புள்ளிகளைக் கொடுத்து அனுப்பினீர்கள். அன்றைய நிலையில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் ஓட்டுநரின் கைத்திறமை முழுதாக வெளிப்படுவது மழையில்தான். அதை இந்த விளையாட்டு இழந்துவிடக்கூடாது.

இந்தியாவிலிருந்து நான் இதை எழுதக் காரணம் உண்டு. ஃபார்முலா 1-இல் நீங்கள் எடுக்கும் முடிவு சில ஆண்டுகளில் கீழே இறங்கிவிடுகிறது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் ஹேலோ இருந்தது. அந்தப் பந்தயம் முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. ஆகஸ்ட் கடைசியில் ஒருவழியாக நடந்தபோதும் முதல் நாளில் மழை குறுக்கிட்டது. அந்தக் கார்களில் உட்காருபவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள்.

முதல் வேலையாக, ஃபியோரானோவில் எடுத்த அளவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். பல்கலைக்கழகங்களில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், அடுத்த விதித்தொகுப்பின் முதல் வரைவிலேயே இந்தச் சோதனைக்கு ஒரு பிரிவை ஒதுக்குங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
மோட்டார் பந்தய ரசிகன் ஒருவன்