கூரை திரும்பிய பயாஸ்கோப்: ஒரு நன்றி மடல்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் ஊர்க்காரர்களுக்கும் சுற்று வட்டாரத்து அன்பர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை மாலை நம்ம பயாஸ்கோப் படக்கொட்டகையில் மறுபடியும் விளக்கு அணைந்தது. மின்வெட்டு இல்லை, படம் ஆரம்பிக்கத்தான்.

2024 ஜூன் 3-ஆம் தேதி அடித்த சுழற்காற்று கொட்டகைக் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. அன்று ஊரில் உயிர்களே போயின. எத்தனையோ வீடுகள் நொறுங்கின. "குடியிருக்க இடமில்லாதபோது படக்கொட்டகைக்கு என்ன அவசரம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பல மாதம் காத்திருந்தோம். அந்தத் தார்ப்பாயைக் கட்ட வந்தவர்களில் மூன்று பேருக்குச் சொந்த வீட்டிலேயே கூரை இல்லை. முதல் நன்றி அவர்களுக்கு.

பறந்தது பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. தூசி நுரையீரலுக்கு ஆபத்தென்று 2008-இல் இந்த நாட்டில் தடை செய்த சரக்கு. உடைந்த துண்டுகளை நாமே பொறுக்கி லாரியில் ஏற்றிவிட முடியாது. அதற்கென்று பதிவு பெற்றவர்கள் முகமூடியோடு வந்துதான் அகற்ற வேண்டும். செலவைக் கேட்டதும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கோயில் அக்காமார்தான், "பிரியாணி போட்டு விற்போம்" என்றார்கள். ஆறு சனிக்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு. பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட நம்மூர்க் காய்கறிப் பிரியாணி. ஆலை வாசலில் நின்று டிக்கெட் விற்றுக் கொடுத்த ஜூலு நண்பர்களே, உங்கள் குரல் இல்லாமல் பாதி அண்டாகூடக் காலியாகியிருக்காது.

திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது முழுக்க ஊசித்துளை. உதவ வந்த ஒரு தம்பி, பூச்சி அரித்துவிட்டதென்று நினைத்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். பழைய ஆபரேட்டர் தாத்தா ஓடிவந்து தடுத்தார். எண்பத்தாறு வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தத் துளைகள் வழியாகத்தான் வசனம் நம் காதுக்கு வருகிறது. அடைத்திருந்தால் கதாநாயகன் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்திருக்கும்.

தாத்தா கார்பன் குச்சி எரித்து அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டியவர். இருபது நிமிடத்துக்கு ஒரு சுருள். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரிந்ததும் பக்கத்து மெஷினுக்கு மாற்ற வேண்டும். இனப் பாகுபாட்டை எதிர்த்து இந்தியா 1946 முதல் 1993 வரை நம் நாட்டோடு வணிகம் வேண்டாமென்று ஒதுங்கியிருந்த காலத்திலும் தமிழ்ப் படப்பெட்டி எப்படியோ சுற்றி வந்து சேர்ந்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். அப்புறம் 1976-இல் டிவி, அதன் பின்னாலேயே வீடியோ கேசட். மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. அதைத் திறக்கத் தனியாக ஒரு 'சாவி', குறித்த நாள் குறித்த நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும் கோப்பு. முதல் காட்சிக்கு வந்த சாவியில் தேதி தப்பு. யார் தப்பு என்பது கிடக்கட்டும். நம் தமிழ்ப் பள்ளி டீச்சர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சென்னையில் அப்போது மணி எட்டு, சரியான ஆளைப் பிடித்துத் தமிழிலேயே சண்டை போட்டு மதியத்துக்குள் புதுச் சாவி வரவழைத்துவிட்டார். டீச்சர், நீங்கள் இல்லையென்றால் அன்று வெறும் பாப்கார்ன்தான்.

இந்த மாதம் வெள்ளி மாலை 7 மணிக்குப் புதுத் தமிழ்ப் படம், கீழே ஆங்கில எழுத்தோடு. சனி மதியம் குழந்தைகளுக்கு. ஞாயிறு காலை 10 மணிக்குப் பழைய கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை படம் போடச் சட்டம் விடவில்லை. அதனாலோ என்னவோ, பெரியவர்கள் அந்த டிக்கெட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். வெள்ளிக் காட்சியில் ஒரு வேடிக்கை பார்த்தேன். பேரப்பிள்ளைகள் எழுத்தைப் படித்து முந்திச் சிரித்துவிடுகிறார்கள். ஆயாக்கள் வசனம் முடியக் காத்திருந்து சிரிக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு நகைச்சுவையும் இரண்டு தடவை கிடைத்தது.

கோயில் அக்காமாருக்கு: உங்கள் பெரிய அண்டா இரண்டு இன்னும் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருக்கின்றன. கழுவித்தான் வைத்திருக்கிறோம். ஞாயிறு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.