ஆண்டறிக்கை: ஓர் ஆண்டு, 43 டர்ன்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தனியே அனுப்பப்படும். சென்ற ஆண்டும் அனுப்பினேன்.

நம் கணினி ஆட்டச் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கூடியது. புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. இருவர் இருவராக ஆடும் போட்டி நடந்து முடிந்தது. விதிமுறையில் ஓர் எழுத்துப்பிழை திருத்தப்பட்டது.

இனி கூட்டாட்டம். சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து ஒருமனதாக ஏற்கப்பட்ட திட்டம் இது. ஒரே நாகரிகம், ஒரே சேவ் ஃபைல் (ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்த கோப்பு), ஆளுக்கு ஐந்து டர்ன், அதாவது ஐந்து சுற்று. ஆடியவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று குறிப்பு எழுதி இரண்டு நாளில் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். ஆட்டம் சிவிலைசேஷன் 6, ஒரு நாகரிகத்தைப் பழங்காலத்திலிருந்து வளர்க்கும் கணினி ஆட்டம். 2016இல் வந்தது, ஏழாம் பாகமே 2025 பிப்ரவரியில் வந்துவிட்டதே, அதை ஆடலாமே என்று சிலர் கேட்டார்கள். எல்லாரிடமும் இருப்பது ஆறுதான். தனியே வாங்கிச் சேர்க்கும் விரிவாக்கங்களும் வேண்டாம் என்று வைத்தோம். அவற்றோடு தொடங்கிய சேவ், அவை இல்லாதவர் கணினியில் திறக்காது. கடினநிலை டெய்ட்டி, இருப்பதிலேயே கடினமானது. அதையும் நான்தான் சொன்னேன், மறுக்கவில்லை.

பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆடியவர்கள் எட்டு பேர். ஓர் ஆண்டில் நாம் கடந்திருப்பது 43 டர்ன். இந்தக் கட்டத்தில் டர்னுக்கு 40 ஆண்டு என்பதால், கி.மு. 4000இல் தொடங்கி இப்போது கி.மு. 2280இல் நிற்கிறோம். முழு ஆட்டம் 500 டர்ன். இதே வேகத்தில் போனால் பதினொரு ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை நான் செயலாளராக இருக்கப்போவதில்லை.

முதல் டர்னுக்கே மூன்று வாரம் போனது. நகரம் அமைக்கும் செட்லர் (குடியேறி) நின்ற இடம் நதிக்கரை. நல்ல தண்ணீர் இருந்தால் நகருக்கு வீட்டுவசதி 5, இல்லாவிட்டால் 2. அங்கேயே தலைநகரை அமைக்கலாம் என்றது ஒரு தரப்பு. ஒரு கட்டம் தள்ளி, அதே நதியை ஒட்டிச் சமவெளிக் குன்று இருந்தது. அதில் அமைத்தால் நகரின் நடுக்கட்டமே உணவு 2, உற்பத்தி 2 தரும். ஒரு டர்ன் நஷ்டம், ஆட்டம் முழுக்க ஒரு உற்பத்தி லாபம். இதற்கு வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்பது என் கருத்து; ஆனாலும் நடத்தினேன். குன்று வென்றது. அந்த முடிவு சரி என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், எதிர்த்து வாக்களித்தவர்கள் உட்பட.

கட்டும் வரிசையை நான் எழுதிக் கொடுத்தேன்: ஸ்கவுட் (வேவுக்காரர்), ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர். மானுமென்ட் (நினைவுச்சின்னம்) ஏன் இல்லை என்று இன்றுவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதன் விலை உற்பத்தி 60. ஸ்கவுட் 30, ஸ்லிங்கர் 35. எதிரே இருக்கும் கணினி நாகரிகங்கள் டெய்ட்டியில் ஆளுக்கு மூன்று செட்லரோடு தொடங்குகின்றன; நம்மிடம் இருந்தது ஒன்று. மானுமென்ட் கட்டி அழகு பார்க்கும் நேரமா அது?

இப்போது அந்த 13ஆவது டர்ன். இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், சுருக்கமாகவே சொல்கிறேன். வாரியர் நம் காலாட்படை வீரர்; பார்பேரியன் என்பது எந்த நாகரிகத்தையும் சேராத கொள்ளைக் கூட்டம். பத்தாவது டர்னை முடித்தவர் தெளிவாகக் குறிப்பு எழுதியிருந்தார்: "வாரியரைத் தெற்குக் கணவாயிலிருந்து எடுக்காதீர்கள். பார்பேரியன் ஸ்கவுட் அந்த வழியாகத்தான் வரும்." அடுத்தவர் குறிப்பைத் திறக்கவே இல்லை. நான்கு கட்டம் தள்ளிப் பழங்குடிக் கிராமம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பரிசு கிடைக்குமே என்று வாரியரைக் கிளப்பிவிட்டார். கொஞ்சம் தங்கம் கிடைத்தது. அந்த நேரத்தில் பார்பேரியன் ஸ்கவுட் கணவாய் வழியாக உள்ளே வந்து நம் தலைநகரைப் பார்த்துவிட்டது. தலைக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறி. அதைப் பார்த்தவுடன் துரத்திக் கொல்ல வேண்டும். அது முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்துவிட்டால் படை கிளம்பிவிடும் என்பது நம் பயிற்சி வகுப்பின் முதல் பாடம். அந்த உறுப்பினர் வகுப்புக்கும் வரவில்லை. முகாம் குதிரைகளுக்குப் பக்கத்தில் இருந்ததால் வந்தவை குதிரைப் படைகள். ஊர் சுற்றப்போன வாரியர் திரும்பும் வழியிலேயே போனார்.

26 முதல் 30 வரை என் முறை. 27ஆவது டர்னில் செட்லர் தயாரானது. அதைத் துணையில்லாமல் அனுப்பினேன், இரண்டாவது கட்டத்திலேயே பார்பேரியன்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது உண்மை. இதைப் பலர் பலவிதமாகப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். துணைக்கு அனுப்ப வாரியர் எங்கே? ஸ்லிங்கர் நகரைக் காத்துக்கொண்டிருந்தது. சில டர்ன் பொறுத்திருக்கலாமே என்கிறார்கள். பொறுத்திருந்தால் ஆற்றங்கரை இடத்தைப் பக்கத்து நாகரிகம் எடுத்திருக்கும். பிறகு எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அது அப்போது தெரியாது.

அடுத்து ஆடியவர்கள் ஸ்லிங்கரால் ஒரு குதிரைப் படையைக் கொன்று, அதனால் வில்வித்தை ஆராய்ச்சியில் பாதியை மிச்சப்படுத்தி, அப்புறம் இரண்டு வில்லாளர்களோடு முகாமுக்கே போய் செட்லரை மீட்டார்கள். 41ஆவது டர்னில் இரண்டாவது நகரம் அமைந்தது. அவர்களுக்கு நன்றி. குறிப்பை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

ஒரு உறுப்பினர் சேவ் ஃபைலை 41 நாள் வைத்திருந்தார். கேட்டபோது கணினி பழுது என்றார். அந்த நாட்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்ததையும், கீழே வேறொரு ஆட்டத்தின் பெயர் இருந்ததையும் நான் மட்டும் பார்க்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துவருகிறார். கோப்புகள் வைக்கும் இடத்துக்கான கட்டணம்தான் முக்கியச் செலவு; சில்லறைச் செலவுகள் வழக்கம்போல. கைமீதி உண்டு, சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. அவர்களில் இருவர்தான் கட்டும் வரிசை பற்றி அதிகம் பேசியவர்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இரண்டு மாதக் கட்டணத்தை ஒருவர் தன் கையிலிருந்து கட்டினார். பெயர் வேண்டாம் என்று அவர் நினைப்பதால் இத்தோடு விடுகிறேன்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், பயிற்சி வகுப்பு எடுத்தவர், போட்டிக்கு நடுவராக இருந்தவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் கடவுச்சொல், குறிப்பேடு, நினைவூட்ட வேண்டியவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். உடல்நிலையும் முன்போல் இல்லை. யாரும் வராவிட்டால், உறுப்பினர்கள் வற்புறுத்தினால், தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை: சந்தா முதல் மாதத்திலேயே வர வேண்டும்; சேவ் இரண்டு நாளுக்கு மேல் யாரிடமும் தங்கக் கூடாது.

44ஆவது டர்ன் தற்போது ஒருவரிடம் 16 நாளாக இருக்கிறது. அவர் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை ஒரு நிமிடம் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்